பாறையடியில் பிறந்த கதை

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில் இருக்கும் பிரிட்போர்ட் கயிற்றுக்குப் பேர்போன ஊர். 1213இல் ஜான் மன்னன், தன் கப்பல்களுக்கு இரவும் பகலுமாகக் கயிறு திரித்துக் கொடுக்கச் சொல்லி இந்த ஊருக்கு ஆணை அனுப்பினான். சுற்றுவட்டாரத்தில் சணலும் ஆளியும் விளைந்தன. வீட்டுக்குள் பெண்கள் வலை பின்னினார்கள். கப்பலுக்கும் வலைக்கும் போன அதே கயிறு தூக்குமரத்துக்கும் போனது. தூக்கில் தொங்கியவனைப் 'பிரிட்போர்ட் கத்தியால் குத்துப்பட்டவன்' என்று சொல்வது அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கு. இதைக் கேட்ட பதினாறாம் நூற்றாண்டுப் பயணி ஒருவர், இந்த ஊரில் நல்ல கத்திகள் செய்கிறார்கள் என்று நம்பி அப்படியே எழுதியும் வைத்துவிட்டார். 'பிராட்சர்ச்' என்ற தொலைக்காட்சிக் குற்றத்தொடர் இந்த ஊரில்தான் உருவானது. கதை எங்கெங்கோ போய்வந்த பிறகும் எனக்கு அதன் முதல் முகவரி இந்தக் கயிற்றுக்கார ஊர்தான்.

ஊருக்குத் தெற்கே ஒன்றரை மைலில் வெஸ்ட் பே என்ற சிறு துறைமுகம். அதன் கிழக்கே கடலோரத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கிறது ஒரு பாறைச்சுவர். மென்மணல் ஒரு வரி, இறுகிய கல் ஒரு வரி என்று மாறிமாறி அடுக்கியிருக்கிறது. மழையும் காற்றும் மென்மணலைத் தின்றுவிட, கெட்டிக்கல் விளிம்பு விளிம்பாகத் துருத்தி நிற்கும். மடித்து அடுக்கிய ஜமக்காளங்களைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல இருக்கும். மேகமூட்டத்தில் மங்கிய மஞ்சள். சாயங்கால வெயில் பட்டால் செங்காவி. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி மணல் அது. 95 மைல் நீளும் இந்தக் கரை முழுவதையும் 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அழகு என்று நிமிர்ந்து பார்க்கிற இடம்தான் ஆபத்தான இடமும். இந்தப் பாறைகள் சரிந்துகொண்டே இருப்பவை. 2012 ஜூலையில், பக்கத்து ஊரான பர்ட்டன் பிராட்ஸ்டாக்கில் பாறை சரிந்து, கரையில் நடந்துபோன ஓர் இளம்பெண் மண்ணுக்குள் புதைந்து இறந்தாள். அந்தக் கோடை முடிவதற்குள் பிராட்சர்ச்சின் படப்பிடிப்புக் குழு கேமராவோடு அந்தக் கரைக்கு வந்தது.

பாறையை ஒட்டித் தொடங்குகிறது செசில் கடற்கரை. போர்ட்லாண்ட் வரை 18 மைலுக்குக் கூழாங்கல்லாலேயே ஆன கரை. வெஸ்ட் பே முனையில் கல் பட்டாணி அளவு. போர்ட்லாண்ட் முனையில் முட்டை அளவு, அதற்கும் மேல். கல் சீராகப் பெருத்துக்கொண்டே போகும். இருட்டிலும் பனியிலும் கரையேறுகிற மீனவர், காலடிக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே எந்த இடத்தில் ஒதுங்கியிருக்கிறோம் என்று சொல்லிவிடுவாராம். அப்படிக் காலடியை அறிந்து எழுதப்பட்ட கதையாகத்தான் பிராட்சர்ச்சை நான் பார்க்கிறேன்.

எழுதியவர் கிறிஸ் சிப்னல். 'டாக்டர் ஹூ', 'டார்ச்வுட்', 'லா அண்ட் ஆர்டர்: யுகே' போன்ற தொடர்களுக்கு எழுதி ஆளானவர். குடும்பத்தோடு பிரிட்போர்ட்டில் குடியேறியவர். கடற்கரைச் சிறு நகரம், அதில் ஒரு குழந்தையின் மரணம், அந்த மரணம் ஊரின் ஒவ்வொரு வீட்டையும் எப்படித் தொடுகிறது என்ற எண்ணம் அவர் மனதில் பல வருடம் கிடந்தது. எந்த நிறுவனமும் கேட்காமலே முதல் அத்தியாயத்தைத் தானாக உட்கார்ந்து எழுதினார். கூடோஸ் என்ற தயாரிப்பு நிறுவனம் எடுத்துக்கொண்டது, ஐடிவி தொலைக்காட்சி வாங்கிக்கொண்டது.

பெயர்களில்கூட மண் ஒட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் உள்ள பிராடோக், விட்சர்ச் என்ற இரண்டு கிராமங்களின் பெயரைப் பிய்த்து ஒட்டினால் பிராட்சர்ச். துப்பறியும் அதிகாரியின் பெயர் ஹார்டி. டார்செட்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். 1840இல் அந்த மாவட்டத்தில் பிறந்து, அதன் ஊர்களை எல்லாம் வேறு பெயரில் நாவலாக்கிய தாமஸ் ஹார்டி நினைவுக்கு வந்துவிடுவார். பிரிட்போர்ட்டுக்கு அவர் வைத்த பெயர் போர்ட் பிரெடி. தன் கதை உலகத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட வெசெக்ஸ் என்ற பழம்பெயரையே, தொடரில் வரும் காவல்துறைக்குச் சூட்டினார் சிப்னல். நல்லவர்கள் என்று ஊரே நம்பியவர்களை விதி ஒரு திருப்பத்தில் அம்பலப்படுத்துவது அந்தப் பெரியவரின் கதைகளில் அடிக்கடி நடப்பது. சிப்னல் அவரிடம் கடன் வாங்கியது பெயர்களை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கதை இப்படிப் போகிறது. எல்லி மில்லர் உள்ளூர்க் காவல் நிலையத்தில் சார்ஜென்ட். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்விட்டு, உடன் வேலை செய்பவர்களுக்கு எல்லாம் பரிசு வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு திரும்புகிறாள். தனக்கு என்று பேசி வைத்திருந்த இன்ஸ்பெக்டர் பதவியை வெளியூரிலிருந்து வந்த அலெக் ஹார்டி என்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கழிப்பறைக்குள் போய் அழுகிறாள். அழுது முடிப்பதற்குள் அழைப்பு: கடற்கரையில் ஒரு சடலம். போய்ப் பார்த்தால், கிடப்பது 11 வயது டேனி லாட்டிமர். அவள் மகன் டாமின் உயிர்த்தோழன். நாள்தோறும் அவள் வீட்டுக்குள் ஓடிவந்து விளையாடிய பிள்ளை.

டேனியின் அம்மா பெத்துக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மகன் இல்லை என்று தெரிந்து காரை எடுக்கிறாள். கடற்கரைப் பக்கம் ஏதோ கிடைத்திருக்கிறது என்று நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு இடையே பேச்சு. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாள். கூழாங்கல்லில் கால் புதைகிறது. சடலத்தை மூடியிருக்கிறார்கள். மூடாமல் விட்டது காலணி மட்டும். அந்தக் காலணி யாருடையது என்று அவளுக்குத் தெரிகிறது. முகம் பார்க்கத் தேவையே இல்லை. வாங்கிக் கொடுத்தவளுக்குத் தெரியாதா? பெத்தாக நடித்த ஜோடி விட்டேக்கரின் குரல் அந்த இடத்தில் உடைவதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

ஹார்டியாக டேவிட் டெனன்ட், எல்லியாக ஒலிவியா கோல்மன். முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு நீண்ட நடை வருகிறது. டேனியின் அப்பா மார்க் காலையில் வேலைக்குப் போகிறான். கேமரா வெட்டாமல் கூடவே போகிறது. கடைக்காரருக்கு ஒரு வணக்கம், போதகருக்கு ஒரு சொல், தோழிக்கு ஒரு கையசைப்பு. இன்னும் சற்று நேரத்தில் ஒருவரை ஒருவர் சந்தேகக் கண்ணால் பார்க்கப்போகிற அத்தனை பேரும் அந்த ஒரே தெருவில், ஒரே காலை வெளிச்சத்தில், ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்கிறார்கள். கொலைக்கதைகளில் சந்தேகத்துக்குரியவர்களை அறிமுகம் செய்வது சலிப்பான வேலை. இங்கே அது ஓர் ஊரின் காலைப்பொழுதாகவே இருக்கிறது.

வியப்பான ஒன்று: அந்த ஊர் எங்குமே இல்லை. பாறையும் துறைமுகமும் டார்செட்டின் வெஸ்ட் பே. தேவாலயம் சாமர்செட் மாவட்டத்தின் கிளீவ்டன்; அது தென்கடலில் இல்லை, மேற்கே பிரிஸ்டல் கால்வாயின் கரை. லாட்டிமர், மில்லர் குடும்பங்களின் வீடுகள் பிரிஸ்டல் பக்கம் உள்ள பிராட்லி ஸ்டோக் குடியிருப்பில். தேவாலயத்துக்கு வெளியே நின்று கடலைப் பார்த்தால் அது ஒரு கடல். அடுத்த காட்சியில் பாறை மேல் நின்று பார்ப்பது வேறு கடல். கதை திரைக்கு வரும் முன்பே ஊர் ஊராகப் பயணம் செய்துவிட்டது. பார்க்கிறபோது எந்தத் தையலும் தெரிவதில்லை. யார் யாருக்கு எப்படி வணக்கம் சொல்வார்கள், யார் கடையில் யார் கணக்கு வைப்பார்கள், எந்த வீட்டுக் குழந்தை எந்த வீட்டில் சாப்பிடும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதல்தான் மூன்று இடங்களை ஒட்டிய பசை.

படப்பிடிப்பில் ரகசியம் காத்த விதமும் கதையோடு சேர்ந்தது. கொலையாளி யார் என்று பெரும்பாலான நடிகர்களுக்குச் சொல்லவில்லை. 'ஒருவேளை நானாக இருக்குமோ' என்ற ஐயத்தோடு நடித்தவர்கள் பலர். கொலையாளியாக நடித்தவருக்கே படப்பிடிப்பின் நடுவில்தான் தெரியவந்தது. ஒரு பார்வையை ஒரு நொடி கூடுதலாக நிறுத்துவது, ஒரு கேள்விக்குச் சற்றுத் தாமதமாகப் பதில் சொல்வது என்று எல்லார் முகத்திலும் ஒரு நிழல் விழுந்திருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்க வேண்டும். ஐஸ்லாந்தின் ஓலஃபர் ஆர்னல்ட்ஸ் அமைத்த பியானோவும் தந்தி இசையும் அந்த நிழலுக்கு அடியில் ஓடுகின்றன.

2013 மார்ச் 4, திங்கட்கிழமை இரவு முதல் அத்தியாயம். ஏப்ரல் 22 வரை எட்டுத் திங்கட்கிழமைகள். ஒரே மூச்சில் பார்த்து முடிக்கும் பழக்கம் பரவுவதற்கு முந்தைய காலம் அது. ஏழு நாள் காத்திருந்துதான் தீர வேண்டும். அந்த ஏழு நாளும் பிரிட்டன் முழுக்க யார் கொலையாளி என்ற பேச்சு. கடைசி அத்தியாயத்தை அன்றிரவே பார்த்தவர்கள் சுமார் 90 லட்சம் பேர்.

நடுவில் நடப்பதுதான் என்னை உலுக்கியது. ஐந்தாம் அத்தியாயம். ஜாக் மார்ஷல் பத்திரிகை விற்கும் கடை வைத்திருக்கும் முதியவர். ஊர்ப் பையன்களுக்குக் கடற்பயிற்சி தரும் குழுவையும் நடத்துகிறார். டேனி அவர் கடையிலிருந்து பத்திரிகை போட்டவன். பல்லாண்டுக்கு முன் ஒரு வழக்கில் அவர் சிறை சென்றவர் என்று தெரியவருகிறது: பதினாறு வயது நிறையாத பெண்ணோடு உறவு, பிறகு அவளையே மணந்தவர். பிள்ளையைப் பறிகொடுத்தவர். அந்தப் பழைய கதையின் முன்பாதியை மட்டும் எடுத்து லண்டன் பத்திரிகை முதல் பக்கத்தில் போடுகிறது. அவர் விற்கும் பத்திரிகையிலேயே அவர் முகம். ஊர் ஆண்கள் கும்பலாக வருகிறார்கள். சில நாளில் பாறையடியில் இன்னொரு சடலம். அவர் நிரபராதி. பிரிட்டனில் பத்திரிகைகளின் அத்துமீறலை விசாரித்த லெவெசன் ஆணையம் அறிக்கை தந்தது 2012 நவம்பரில். இந்த அத்தியாயம் நான்கைந்து மாதத்தில் வெளியானது. பார்த்தவர்களுக்கு அது வெறும் கதையாக இருந்திருக்காது. ஜாக்காக நடித்த டேவிட் பிராட்லிக்கு 2014இல் பாஃப்டா விருது கிடைத்தது. கோல்மனுக்கும் தொடருக்கும் ஆர்னல்ட்ஸின் இசைக்கும் கிடைத்தது.

இனிமேல் கொலையாளியைச் சொல்லாமல் என்னால் எழுத முடியாது. தொடரைப் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

விசாரணையின் நடுவில், சூசன் ரைட் என்ற பெண்ணைத் துருவுகிறாள் எல்லி. சூசனின் கணவன் தங்கள் வீட்டுக்குள்ளேயே, தங்கள் மகள்களிடமே கொடுமை செய்தவன். உன் வீட்டிலேயே நடந்தது உனக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று எல்லி கேட்கிறாள். கேள்வியில் அருவருப்பு தெரிகிறது. கடைசி அத்தியாயத்தில், தொலைந்துபோன டேனியின் கைப்பேசி திடீரென்று உயிர்பெற, சமிக்ஞையைப் பின்தொடர்ந்து ஹார்டி ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகைக்கு வந்து நிற்கிறார். அது எல்லியின் வீடு. உள்ளே நிற்பவன் அவள் கணவன் ஜோ. வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அவள் களைத்து வரும்போது தேநீர் போட்டுக்கொடுத்த ஜோ. இனியும் ஒளிய முடியாமல் கைப்பேசியை அவனே இயக்கியிருக்கிறான். பிறகு பெத் எல்லியை எதிர்கொள்கிறாள். எல்லி சூசனிடம் கேட்ட அதே கேள்வியை, ஏறக்குறைய அதே சொற்களில், பெத் எல்லியிடம் கேட்கிறாள்.

கதையின் உயிர் அந்தக் கேள்விதான். கொலையாளி யார் என்பது ஒரு முறை தெரிந்தால் முடிந்துவிடும், இது முடியாது. அடுத்த வருடங்களில் கதை கடல் தாண்டிப் போனபோது நான் கவனித்ததெல்லாம் இந்தக் கேள்வி அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான்.

2014இல் எரின் கெல்லி இதை நாவலாக எழுதினார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'கிரேஸ்பாயின்ட்' தொடங்கியது. பத்து அத்தியாயம். கலிபோர்னியாவின் வடகரை என்று கதை. எடுத்தது கனடாவின் வான்கூவர் தீவில். முதல் அத்தியாயத்தைச் சிப்னலே எழுதினார்; பிராட்சர்ச்சை இயக்கிய ஜேம்ஸ் ஸ்ட்ராங்கே இயக்கினார். துப்பறிவாளராக மறுபடியும் டேவிட் டெனன்ட், இம்முறை அமெரிக்க உச்சரிப்பில், எமெட் கார்வர் என்ற பெயரில். எல்லியாக 'பிரேக்கிங் பேட்' புகழ் அன்னா கன். எல்லாம் நல்ல கைகள். கடலும் பாறையும் குறைச்சல் இல்லை. வசனம் வசனமாக, கோணம் கோணமாக ஒத்துப்போகும் காட்சிகள் பல உண்டு.

ஆனாலும் அந்தத் தெரு நடையைப் பாருங்கள். அதே வணக்கங்கள்தான், சொல்கிறவர்கள் ஒரே ஊரில் வளர்ந்தவர்களாகத் தெரியவில்லை. அடுத்தவர் கையெழுத்தை மேலே தாள் வைத்து வரைந்ததுபோல் இருக்கிறது: வளைவு சரியாக விழுந்திருக்கும், கை நடுங்கியிருக்கும். நடிகர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று ஊரைத் தைத்து ஓர் ஊராக்கிய பசை பெட்டியில் வைத்து அனுப்பக்கூடிய பொருளாக இல்லை. அங்கேயே வாழ்ந்த ஒருவர் அதைப் புதிதாகக் காய்ச்சியிருக்க வேண்டும்.

முடிவை மட்டும் மாற்றினார்கள். அமெரிக்கக் கதையில் அந்தச் சிறுவன் மீது அடி விழுவது எல்லியின் மகன் கையால், தற்செயலாக. அப்பன் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். திருப்பம் என்று பார்த்தால் கூர்மையான திருப்பம். ஆனால் எல்லியைத் துளைக்க வேண்டிய கேள்வி அங்கே மழுங்கிவிடுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவனை அறியாமல் இருந்தேனே என்ற திகில் வேறு. என் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவேன் என்ற தவிப்பு வேறு. இரண்டாவதில் நம் இரக்கம் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முதலாவதில் சாய்ந்துகொள்ள இடமே கிடைக்காது. அந்த இடமின்மைக்காகவே இந்தக் கதை எழுதப்பட்டது என்று நம்புகிறேன். கிரேஸ்பாயின்ட் ஒரு பருவத்தோடு நின்றது.

2015இல் கதை பிரெஞ்சு பேசியது. 'மலதெரா' என்ற பெயரில் பிரான்ஸ் 2 தொலைக்காட்சியில் எட்டு அத்தியாயம். களம் கோர்சிகா தீவு. சைமன் அப்கரியானும் கான்ஸ்டன்ஸ் டோலேயும் துப்பறிவாளர்கள். மலை நேரே கடலில் இறங்கும் தீவு அது. தீவுக்காரர், வெளியாள் என்ற கோடு அங்கே அழுத்தமாக விழுந்த ஒன்று. வெளியூர் அதிகாரியை ஊர் நம்பாது என்ற முடிச்சுக்கு அந்த மண்ணில் சொந்தமாகவே வேர் இருக்கிறது. தேர்வு என்ற அளவில், வான்கூவர் தீவைக் கலிபோர்னியா என்று காட்டியதைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

பிறந்த ஊரில் கதை தொடர்ந்தது. 2015இன் இரண்டாம் பருவத்தில் ஜோ குற்றத்தை மறுத்து, வழக்கு நடந்து, விடுதலையும் ஆகிறான். நீதிமன்ற நடைமுறை பற்றிச் சட்டம் தெரிந்தவர்கள் குறை சொன்னார்கள். முதல் பருவத்தின் இறுக்கமும் அதில் இல்லை. 2017இன் மூன்றாம் பருவம் ஒரு பெண்மீதான பாலியல் வன்முறையை எடுத்துக்கொண்டது. புகார் தருவதிலிருந்து மருத்துவப் பரிசோதனை வரை அவள் கடக்கும் ஒவ்வொரு படியையும் அவசரப்படாமல், அவள் பக்கத்திலேயே நின்று காட்டியது. எனக்கு அந்தப் பருவத்தின்மேல் தனி மதிப்பு உண்டு. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். சிப்னல் 'டாக்டர் ஹூ'வின் பொறுப்பை ஏற்றார். டேனியின் அம்மாவாக நடித்த ஜோடி விட்டேக்கரை அத்தொடரின் முதல் பெண் டாக்டராக்கினார். 2025இல் சிப்னல் தன் முதல் நாவலை வெளியிட்டார். அதுவும் குற்றக்கதை, அதுவும் டார்செட்.

முதல் பருவத்தின் முடிவுக்கு நான் அடிக்கடி திரும்பிப் போவேன். டேனியை அடக்கம் செய்த இரவு. கடற்கரையில், அவன் கிடந்த அதே கூழாங்கல்மேல், விறகு அடுக்கியிருக்கிறார்கள். தீ மூட்டுகிறார்கள். சற்று நேரம் ஒன்றும் இல்லை, இருட்டும் அலையும்தான். பிறகு தூரத்துக் கரையில் ஒரு பொட்டு வெளிச்சம். அதைத் தாண்டி இன்னொன்று. பக்கத்து ஊர்களுக்குப் போதகர் சொல்லி அனுப்பியிருக்கிறார். டேனியை ஒருநாளும் பார்த்திராத ஊர்கள் தங்கள் கரையில் தீ ஏற்றி, பார்த்தோம் என்று பதில் சொல்கின்றன. பெத்தும் மார்க்கும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஊர் முழுக்க அவர்களைச் சுற்றி நிற்கிறது.

அந்தக் கூட்டத்தில் எல்லி இல்லை.